மனம் நொந்தால் உடம்பும் நோகும்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் எமது நலப்பிரிவினர் நிகழ்த்திய பேச்சு. அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டபடி, பேசியதைப் பேசியபடியே இங்கு தருகிறோம்.)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரா இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. அதனால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

டிஸ்பென்சரி வாசலில் நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "தலையிடி போகவே மாட்டேங்குது ஐயா." "நெஞ்சு அடைக்குது." "கை கால் எல்லாம் உளையுது, பனடோல் குடிச்சாலும் கேக்கல." ரத்தம் பார்த்தாச்சு, சலம் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை என்று துண்டு வருகிறது. அதற்குப் பிறகு லயத்தில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும். "அவளுக்கு ஒரு வருத்தமும் இல்ல. வேலைக்குக் கள்ளம்."

இந்தப் பேச்சு தப்பு. அந்த நோவு பொய்யில்லை. அது எப்படி என்று விளங்கப்படுத்துவதற்கு உங்களைக் கொஞ்ச நேரம் மலையை விட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப் போகப் போகிறோம்.

கல்முனை என்ற ஊரைக் கேள்விப்படாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அம்பாறை மாவட்டத்துக் கரையோரம். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள். நடுவே பாண்டிருப்பு, காரைதீவு என்று தமிழ் ஊர்கள். மருதமுனைக் கைத்தறிச் சேலையும் சாரமும் பேர் போனவை. நெசவு, மீன்பிடி, வயல், வியாபாரம் என்று உழைத்துச் சாப்பிடுகிற சனம். கரையில் நிலம் குறைவு, வீடுகள் நெருக்கம். நம் லயத்தைப் போல ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை ஒன்பது மணியளவில் கடல் ஊருக்குள் வந்தது. இலங்கை முழுவதிலும் 30,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எல்லா மாவட்டங்களையும்விட அம்பாறையில்தான் அதிகம், பத்தாயிரத்துக்கும் மேல். பிறகு அம்பாறை முகாம்களில் எடுத்த ஓர் ஆய்வில், செத்தவர்களில் பெண்களும் பிள்ளைகளும் வயசானவர்களும்தான் கூட என்று தெரிந்தது. வீட்டுக்குள் இருந்தவர்கள், ஓட முடியாதவர்கள், பிள்ளையைத் தூக்கப் போனவர்கள்.

இவ்வளவு நடந்த பிறகு அந்தச் சனம் வைத்தியரிடம் போய் என்ன சொல்லியிருக்கும் என்று நினைக்கிறீங்க? "எனக்கு மனக் கவலை" என்றா? பெரும்பாலும் இல்லை. "டொக்டர், மேலெல்லாம் உழையிது." "நெஞ்சு பாரமா இரிக்கி." "தலை சுத்துது, பசி இல்ல, பெருமூச்சு பெருமூச்சா வருது." இப்படித்தான். அந்தப் பக்கத்தில் 'மேல்' என்றால் உடம்பு. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த உம்மா பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், முழங்கால் நோவுக்கு எண்ணெய் கேட்டு நிற்பா.

அந்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து உளவளத் துணை செய்கிறோம் என்று எத்தனையோ குழுக்கள் வந்தன. நல்ல மனசோடு வந்தவர்கள்தான். ஆனால் சில பேர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "கெட்ட கனவு வருதா, திடுக்கிடுதா" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். முழங்கால் நோவுக்கு அந்தத் தாளில் இடம் இல்லை. இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ இதைப் பற்றிக் கவனமாக எழுதியிருக்கிறார். நம் நாட்டுச் சனங்கள் தங்கள் துன்பத்தைச் சொல்லும்போது உடம்பு நோவைச் சொல்கிறார்கள்; அதோடு குடும்பத்தில், ஊரில் தன் இடம் போனதைச் சொல்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. எங்களுக்கு இது மிகவும் சரியாகப் படுகிறது. பிள்ளை போனால் பிள்ளை மட்டுமா போகிறது? 'இன்னாருடைய உம்மா' என்ற பேரும் சேர்ந்து போகிறது. தோணி போனால் தொழில் மட்டுமா போகிறது? வீட்டுக்குச் சோறு போடுகிற வாப்பா என்ற நிலையும் போகிறது.

இப்போது, கவலை எப்படி முழங்காலுக்கு வருகிறது? உங்களுக்குத் தெரிந்த ஒன்றை வைத்தே சொல்கிறோம்.

கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறீங்க. "குளவி கலைஞ்சிருச்சு!" என்று ஒரு சத்தம். அந்த நிமிஷத்தில் உடம்பு என்ன செய்கிறது? நெஞ்சு படபட என்று அடிக்கிறது. மூச்சு வேகமாகிறது. தோளும் கழுத்தும் இறுகுகிறது. வாய் காய்கிறது. வயிறு கலக்குகிறது. கூடையைப் போட்டுவிட்டு, பள்ளம் மேடு பார்க்காமல் ஓடுகிறீங்க. முழங்கால் அடிபட்டது பிறகுதான் தெரிகிறது. மூளை பயத்தை அறிந்தவுடன் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சின்னச் சுரப்பிகளுக்குக் கட்டளை போகிறது. அட்ரினலின், கோர்ட்டிசோல் என்ற ஓமோன்கள் இரத்தத்தில் கலக்கின்றன. இரத்த அழுத்தம் கூடுகிறது. தசைகளுக்கு வேண்டிய சீனி இரத்தத்தில் ஏறுகிறது. ஓடித் தப்புவதற்காக உடம்பு செய்கிற ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு. குளவி போய்விட்டால், ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிறதுக்குள்ளே உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஆனால் குளவி போகவே இல்லை என்றால்? கடல் ஒரு நாள்தான் வந்தது. அந்த உம்மாவுக்கு அது ஒவ்வொரு இரவும் வருகிறது. கதவு டமார் என்று அடித்தால் வருகிறது. நம் பக்கத்தில் கடன்காரன் வாசலில் நிற்கிறான், குடித்துவிட்டு வருகிறவரின் காலடிச் சத்தம் கேட்கிறது, மகள் வெளிநாட்டுக்குப் போய் நாலு மாசமாகத் தகவல் இல்லை. உடம்பு ஓடுவதற்குத் தயாராகவே நிற்கிறது, ஓட இடம் இல்லை. இறுகின தோள் இறுகினபடியே கிடந்தால் நோகும். இறுகின கழுத்து தலையிடியாகும். வயிறு எரியும். தூக்கம் கெடும். தூக்கம் கெட்டவருக்குச் சின்ன நோவும் பெரிய நோவாகத் தெரியும். நோவை அளந்து சொல்வது மூளைதான். ஓய்வில்லாத மூளை கூட்டித்தான் அளக்கும். ஆகவே அந்த நோவு மெய்யான நோவு. எக்ஸ்ரேயில் விழாததால் அது இல்லை என்று ஆகிவிடாது.

இது நாங்கள் ஆறுதலுக்குச் சொல்வதில்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். 1991ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தில் சுகமாயிருந்த 394 பேருக்கு மூக்கில் தடிமன் கிருமித் துளி விட்டார்கள், அவர்கள் சம்மதத்தோடுதான். மன அழுத்தம் கூடின ஆட்களுக்குத் தடிமன் கூடுதலாகத் தொற்றியது. 1995இல் அமெரிக்காவில் இன்னொன்று. ஞாபகம் கெட்ட முதியவர்களை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட பெண்களின் கையில் ஒரு சின்னக் காயம் உண்டாக்கி, அது ஆறும் நாளை எண்ணினார்கள். அந்தச் சுமை இல்லாத பெண்களைவிட அவர்களுக்கு ஒன்பது நாள் கூடுதலாக எடுத்தது. படுக்கையில் கிடக்கிற மாமியாரைப் பார்த்துக்கொண்டு மலைக்கும் போகிற அக்காமார் இங்கே இருக்கிறீங்க. காயம் ஏன் ஆறமாட்டேங்குது என்று நீங்கள் கேட்டால், அதற்கு இதுவும் ஒரு பதில்.

இதயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1994 ஜனவரி 17இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் விடியற்காலை நிலநடுக்கம். இதய நோயால் திடீரென்று சாகிறவர்கள் அதற்கு முந்தின வாரத்தில் நாளுக்குச் சராசரி ஐந்து பேர்கூட இல்லை. அன்றைக்கு 24 பேர். கட்டிடம் விழுந்து செத்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை, பயத்தில் இதயம் நின்றவர்கள். ஜப்பானில் 1990இல் வைத்தியர்கள் ஒரு புது வருத்தத்துக்குப் பேர் வைத்தார்கள்: தாக்கோத்சுபோ. பெரிய அதிர்ச்சி, துக்கம் வந்தவருடைய இதயத்தின் ஒரு பகுதி திடீரென்று சோர்ந்து ஊதிப்போகிறது. மாரடைப்பு மாதிரியே இருக்கும், ஆனால் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்காது. ஊதின இதயத்தின் வடிவம், அங்கே மீனவர்கள் எட்டுக் கால் கணவாய் பிடிக்கப் போடுகிற வாய் குறுகின பானை மாதிரி இருந்ததாம். அந்தப் பானையின் பேர்தான் தாக்கோத்சுபோ. ஆண்களைவிட வயசான பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலும் சில வாரங்களில் குணமாகிவிடும். "நெஞ்சு வெடிச்சுச் செத்தா" என்று நம் கிழவிமார் சொன்னதை நாம் சிரித்துவிட்டுப் போனோம். வைத்தியம் அதைப் படம் பிடித்துக் காட்ட 1990 வரை ஆனது.

பெரிய அதிர்ச்சிதான் வேண்டும் என்பதும் இல்லை. இலங்கை உட்பட 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2004இல் வெளிவந்தது. புகைத்தல், சீனி, இரத்த அழுத்தம் என்று ஒன்பது காரணங்களைக் காட்டினார்கள். நாளாந்த மன அழுத்தமும் அந்த ஒன்பதில் ஒன்று.

இதுவரை மனம் உடம்பைக் கெடுப்பதைச் சொன்னோம். மறுபக்கமும் இருக்கிறது. அதை விட்டால் இந்தப் பேச்சு அரைப்பேருக்குத்தான் சரி.

உடம்பில் வருகிற வருத்தம் மனதையும் கெடுக்கும். நம் தோட்டங்களில் பெண்களுக்கு இரத்தக் குறைவு பொதுவான வருத்தம். இரத்தம் குறைந்தால் மலை ஏறும்போது இளைக்கும், நெஞ்சு படபடக்கும், எதிலும் பிடிப்பு இருக்காது, பிள்ளைகள் மேல் எரிந்து விழத் தோன்றும். வீட்டில் "இவளுக்கு மனசு சரியில்ல" என்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் ஒழுங்காகக் கொடுத்தால் சில மாதத்தில் அந்த 'மனசு' தானே சரியாகிறது. தைரொயிட் சுரப்பி மந்தமானாலும் அப்படித்தான்: சோர்வு, மறதி, அழுகை, உடம்பு பெருத்தல். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

பிள்ளை பெற்ற தாய்மாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்தில் ஒருவருக்கு மேல் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருகிறது, உலகம் முழுவதும். பிள்ளையைப் பார்க்கப் பிடிக்காமல், தூங்காமல், அழுதுகொண்டே இருப்பா. 'பேய் புடிச்சிருச்சு' என்று கோடாங்கியைக் கூட்டிவந்து அடிக்கிறதைப் பார்த்திருக்கிறோம். தயவு செய்து அடிக்காதீங்க. அது சுகமாகக்கூடிய வருத்தம். குடும்ப நல மாது வீட்டுக்கு வரும்போது அவரிடம் சொன்னாலே போதும், வழி காட்டுவார்.

சீனி வருத்தத்தில்தான் இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று இழுப்பது நன்றாகத் தெரியும். மறுபடியும் கல்முனைக் கரைக்கே போவோம். ஒரு வாப்பாவை நினைத்துப் பாருங்கள். பேர் வேண்டாம், அப்படிப் பல பேர். சீனி வருத்தக்காரர். கடல் வந்தபோது தோணி போனது, வலை போனது, கிளினிக் கொப்பியும் குளிசையும்கூடப் போனது. முகாமில் கொடுத்த சோறும் சீனித் தேத்தண்ணியும்தான் சாப்பாடு. மனம் விட்டுப்போனதால் நடக்கப் போவதில்லை, குளிசை எடுக்கப் போவதில்லை. "இருந்து என்ன செய்யிற?" என்பார். கவலையால் கோர்ட்டிசோல் கூடி, இரத்தத்தில் சீனி இன்னும் ஏறுகிறது. சீனி ஏறினால் களைப்பு, இரவில் நாலு தடவை சலத்துக்கு எழும்புதல், தூக்கமின்மை, கால் எரிவு. அதனால் மனம் இன்னும் கீழே போகிறது. செக்கு மாடு மாதிரி இந்தச் சுற்று நிற்காது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று கணக்கு எடுத்திருக்கிறார்கள். இவருக்குக் குளிசையை மட்டும் கூட்டிக் கொடுத்தால் போதாது. ஆறுதல் வார்த்தை மட்டும் சொன்னாலும் போதாது. இரண்டும் வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றும் வேண்டும், அதை வைத்தியர் கொடுக்க முடியாது. வீடு. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று முதலில் சட்டம் போட்டார்கள், பிறகு குறைத்தார்கள். நிலமே இல்லாத ஊரில் சனம் எங்கே போகும்? கொட்டில்களில் வருஷக் கணக்காக இருந்தார்கள். அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியில் ஐந்நூறு வீடுகள் கட்டினார்கள். யாருக்குக் கொடுப்பது என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போய், வீடுகள் பல வருஷம் பூட்டியே கிடந்தன. கொட்டிலில் இருந்துகொண்டு அந்தப் பூட்டின வீடுகளை நினைத்த ஆளுக்கு நெஞ்சு பாரம் எப்படிக் குறையும்? 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டபோது நம் சனமும் இதே வழியில்தான் போனது. முகாமில் இருந்த நாளெல்லாம் மழைச் சத்தம் கேட்டால் தூக்கம் இல்லை. ஒழுகுகிற கூரையும் சரிகிற மண்ணும் இருக்கும்வரை, குளிசையால் ஆகக்கூடியது கொஞ்சம்தான் என்பது எங்கள் எண்ணம். இதைத் தலைவர்மாரும் துரைமாரும் இருக்கிற இந்தக் கூட்டத்தில் வேண்டுமென்றே சொல்கிறோம்.

கல்முனைப் பக்கத்துச் சனம் எப்படித் தேறியது? முழுதாகத் தேறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டோம். ஆனாலும் எழும்பினார்கள். பள்ளிவாசலில் ஒன்றாகத் தொழுதார்கள், மௌத்தானவர்களுக்காக ஓதினார்கள், ஒருவர் வீட்டில் ஒருவர் இருந்து அழுதார்கள். கணவனை இழந்த பெண்கள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கும்போது சொந்தக்காரப் பெண்கள் கூடவே இருப்பது அங்கே வழமை. துக்கத்துக்கு ஒரு காலமும் ஒரு துணையும் இருக்கிறது. நம்மிலும் எட்டு, பதினாறு, முப்பத்தொன்று என்று சடங்குகள் இருப்பது இதற்காகத்தானே. ஓதின தண்ணியும் கட்டின நூலும் சிலருக்குத் தைரியம் கொடுத்தன, அதையும் குறை சொல்ல மாட்டோம். தறி இருந்தவர்கள் தறியில் உட்கார்ந்தார்கள். கைக்கு வேலை வந்ததும், முழங்கால் நோவும் கொஞ்சம் குறைந்தது.

அரசாங்கமும் ஒரு நல்ல காரியம் செய்தது. அதற்கு முன் மனநோய் என்றால் அங்கொடைதான் என்ற நிலை. 2005இல் வந்த தேசிய உளநலக் கொள்கைக்குப் பிறகு மாவட்டங்களுக்கு இந்தச் சேவை பரவலாக வந்தது. கல்முனையிலேயே ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவு இருக்கிறது. நம் மலைநாட்டிலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் உளநலக் கிளினிக் நடக்கிறது. காசு இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன? நெஞ்சு நோ வந்தால் 'கவலையாய் இருக்கும்' என்று நீங்களே முடிவு கட்டாதீங்க. நடு நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற நோவு, வியர்வை, மூச்சு முட்டல் என்றால் உடனே 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்க. மாரடைப்பு இல்லை என்று வைத்தியர் சொன்ன பிறகு கவலையைப் பற்றிப் பேசலாம். அடுத்தது, டிஸ்பென்சரியில் நோவைச் சொல்லும்போது வீட்டு நிலைமையையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்க: "ஐயா, தலையிடி மூணு மாசமா. மகன் செத்து நாலு மாசம்." அந்த ஒரு வரியால் எத்தனையோ வீண் குளிசை மிச்சமாகும். ரெண்டு கிழமைக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் கிளினிக்குக்குப் போக வேண்டிய நேரம். சாராயம் நோவை மறக்க வைக்கும், ஆனால் விடியற்காலைத் தூக்கத்தைக் கெடுத்து மனதை இன்னும் கீழே இறக்கும். "செத்தாத் தேவல" என்று யாராவது சொன்னால் விளையாட்டு என்று விடாதீங்க. மருந்துப் போத்தலையும் அடிக்கிற எண்ணெயையும் எடுத்து மறைத்துவிட்டு, பக்கத்திலேயே இருங்க. 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் எடுத்துப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

பேச்சு முடிந்ததும் இரண்டு கேள்வி வந்தது. அதையும் எழுதச் சொன்னார்கள்.

பணிய லயத்து அம்மா ஒருவர் கேட்டார்: "அந்தக் கிளினிக்குக்குப் போனா பைத்தியம்னு பேர் வச்சிருவாங்களே. நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளை வருமா?"

இந்தப் பயம் கல்முனையிலும் இருந்தது, இப்பவும் இருக்கிறது. அங்கேயும் சில பேர் வயித்து வருத்தம் என்று சொல்லித்தான் போனார்கள். நீங்களும் அப்படியே போங்க, பரவாயில்லை. முதலில் சாதாரண வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், வைத்தியரிடம் தனியாகச் சொல்லுங்க. பல பேருக்கு அவரே மருந்து கொடுத்துவிடுவார். தேவை என்றால்தான் மற்றப் பக்கம் அனுப்புவார். நீங்கள் என்ன வருத்தத்துக்குப் போனீர்கள் என்பதை வெளியில் சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

ஓர் அண்ணன் கேட்டார்: "ஆம்பளைங்களுக்கும் இது வருமா?"

வரும் அண்ணே. ஆம்பளைகள் அழுவதில்லை, அதனால் முதுகு நோவாகவும் கோபமாகவும் போத்தலாகவும் வெளியில் வருகிறது. நாங்கள் ஆறு மணி வரைக்கும் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் இருக்கிற அறையில் இருப்போம். பேச வேண்டும் என்றால் அங்கே வாங்க, கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம்.